கிறிஸ்தவர் வீட்டுத் துஷ்டிக்குப் போகிறவர்களுக்கு

நான் பிறந்தது ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) குடும்பத்தில். வாழ்க்கைப்பட்டது சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில். என் தங்கை கட்டிக்கொண்டது ஒரு பெந்தெகொஸ்தே பாஸ்டரை. பாளையங்கோட்டையில் இதெல்லாம் அதிசயமில்லை. பள்ளிக்கூடத்து வேலையிலிருந்து ரிட்டயர் ஆன பிறகு, தெருவில் எந்தக் கிறிஸ்தவ வீட்டில் சாவு விழுந்தாலும் அக்கம்பக்கத்து இந்துக்காரர்கள் முதலில் என்னிடம்தான் வருவார்கள். "டீச்சர், அங்க போயி என்ன சொல்லணும்? மாலை போடலாமா? விழுந்து கும்பிடலாமா? செத்தவங்க எங்க போறாங்கன்னு நீங்க நம்புதீங்க?"

கடைசிக் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் முதல் மூன்றுக்கும் பதில் தன்னால் வந்துவிடும். சிக்கல் என்னவென்றால், அந்தக் கடைசிக் கேள்விக்குக் கிறிஸ்தவர்கள் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வதில்லை. ஒரு வீட்டில் ஆறுதலாக இருக்கிற வார்த்தை அடுத்த வீட்டில் முகத்தைச் சுளிக்க வைக்கும்.

முதலில் எல்லோருக்கும் பொதுவானது

ஒரு பிறவி, ஒரு சாவு. "ஒரேதரம் மரிப்பதும், பின்பு நியாயத்தீர்ப்படைவதும்" மனிதருக்கு விதிக்கப்பட்டது என்று வேதாகமத்தின் எபிரெயர் நிருபம் 9ம் அதிகாரத்தில் இருக்கிறது. மறுபிறவி என்ற பேச்சு எந்தச் சபையிலும் கிடையாது. ஆகவே "அடுத்த பிறவியிலயாவது அவருக்கு நோய்நொடி இல்லாம இருக்கட்டும்" என்று மனதாரச் சொன்னாலும் அது அந்த வீட்டில் ஒட்டாது. "வானத்துல நட்சத்திரமாயிட்டாங்க", "தேவதையாயிட்டா" என்பதும் அப்படித்தான். சம்மனசுகள் (தேவதூதர்கள்) வேறு படைப்பு, மனிதர் வேறு படைப்பு. செத்த குழந்தை சம்மனசாக மாறுவதாக எந்தத் திருச்சபையும் போதிப்பதில்லை. கிறிஸ்தவர்களே கல்லறைக் கல்லில் அப்படி எழுதி வைத்திருப்பதைப் பார்ப்பீர்கள். அது பாசத்தில் எழுதியது.

இரண்டாவது விஷயத்தைக் கிறிஸ்தவர்களிலேயே பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள். "ஆத்துமா மோட்சத்துக்குப் போயிட்டு, அவ்வளவுதான்" என்று முடித்துவிடுவார்கள். அவ்வளவு மட்டும் இல்லை. ஆர்.சி. கோவிலிலும் சி.எஸ்.ஐ. கோவிலிலும் எழுந்து நின்று சொல்லும் விசுவாசப் பிரமாணத்தின் கடைசி வரிகளில் "சரீரம் உயிர்த்தெழுதல்" வருகிறது. உலக முடிவில் கிறிஸ்து திரும்ப வருவார், செத்தவர்கள் உடலோடு எழுந்திருப்பார்கள் என்பதுதான் அடிப்படை நம்பிக்கை. ஆவியாக மிதப்பது அல்ல. உயிர்த்த இயேசு சீடர்கள் முன்னால் பொரித்த மீனை வாங்கிச் சாப்பிட்டுக் காட்டியதாக லூக்கா எழுதியிருப்பது இதற்காகத்தான். புதைக்கிற உடலை விதை என்று பவுல் சொல்கிறார்: "அழிவுள்ளதாய் விதைக்கப்படும், அழிவில்லாததாய் எழுந்திருக்கும்." பழைய கல்லறைத் தோட்டங்களில் கால்மாடு கிழக்கே பார்க்கும்படி குழி வெட்டியிருப்பதும் இதே கணக்கு. எழுந்திருக்கும்போது வருகிறவரை நேருக்கு நேர் பார்க்க வேண்டும்.

பேய் பிசாசு பற்றியும் ஒரு வார்த்தை. இருட்டின பிறகு முருங்கை மரத்தடிக்குப் போகாதே என்று எங்கள் ஆச்சியும்தான் சொன்னாள், கழுத்தில் உத்தரியம் என்ற பக்தித் துணிப்பட்டை போட்டுக்கொண்டே. அது ஊர் நம்பிக்கை. செத்தவர் ஆவி வீட்டைச் சுற்றும் என்பது சபைப் போதனையில் இல்லை.

ஆக, சாவுக்கும் அந்தக் கடைசி நாளுக்கும் நடுவில் செத்தவர் எங்கே இருக்கிறார், இருக்கிறவர்கள் அவருக்காக ஏதாவது செய்ய முடியுமா? இந்த ஒரு இடத்தில்தான் வழி பிரிகிறது.

வாசலில் நின்று பாருங்கள்

உள்ளே நுழையும் முன் தலைமாட்டைப் பாருங்கள். பாடுபட்ட சுரூபமும் (சிலுவையில் இயேசு தொங்கும் உருவம்) எரிகிற மெழுகுதிரியும் இருந்து, கையில் ஜெபமாலை சுற்றியிருந்தால் ஆர்.சி. வீடு. வெறும் சிலுவையோ வேதப்புத்தகமோ இருந்து, பந்தலுக்குள் ஒரு கூட்டம் பாமாலைப் பாட்டுகளை இழுத்துப் பாடிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் சி.எஸ்.ஐ. அல்லது லுத்தரன். திரி, மாலை, படம் எதுவுமே இல்லாமல், வெள்ளை உடுத்தின பெண்கள் நகை போடாமல் உட்கார்ந்திருந்தால் பெந்தெகொஸ்தே. இதற்கும் மேலே சந்தேகம் இருந்தால் சுவரில் ஒட்டியிருக்கும் போஸ்டரின் அடியில் எந்தக் கோவில், எந்தக் கல்லறைத் தோட்டம் என்று போட்டிருக்கும்.

ஆர்.சி. வீடு

கத்தோலிக்க நம்பிக்கைப்படி, உயிர் பிரிந்த கணமே அந்த ஆத்துமாவுக்குத் தனித்தீர்வை (அவருக்கு மட்டுமான நியாயத்தீர்ப்பு) நடக்கிறது. உலக முடிவில் எல்லோருக்கும் சேர்த்து நடப்பது பொதுத்தீர்வை. தனித்தீர்வைக்குப் பின் மூன்று வழி: நேரே மோட்சம், மோட்சத்துக்கு முன் சுத்திகரிக்கும் உத்தரிக்கிற ஸ்தலம், நரகம். தூய்மையான ஆத்துமா பொதுத்தீர்வை வரை காத்திருக்க வேண்டியதில்லை, உடனே கடவுளை முகமுகமாகக் காணும் என்று 1336ல் பாப்பரசர் (போப்) 12ம் ஆசீர்வாதப்பர் வரையறுத்தார். அவருக்கு முந்தைய பாப்பரசர் 22ம் அருளப்பர் பிரசங்கத்தில் வேறு மாதிரி சொல்லப் போய் பெரிய விவாதமே ஆகியிருந்தது. பாப்பரசருக்கே குழம்பிய விஷயம் என்றால் நமக்குக் குழம்புவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உத்தரிக்கிற ஸ்தலத்தைச் சின்ன நரகம் என்று நினைப்பவர்கள் நிறைய. சாமியார் வருவதற்கு முன் ஜெபம் சொல்லும் பாட்டிமார்களே அப்படித்தான் பயமுறுத்துவார்கள். அது நரகத்துக்குப் பக்கத்து ஊர் இல்லை. அங்கே போகிற ஆத்துமா ஏற்கெனவே மீட்கப்பட்ட ஆத்துமா, மோட்சம் அதற்கு நிச்சயம். கல்யாண விருந்துக்கு அழைத்தாயிற்று, பந்தியில் உட்காரும் முன் வாசலில் நின்று கால் கழுவுகிறோம் இல்லையா, அதைப் போல. செத்த பிறகு மனந்திரும்ப இரண்டாவது வாய்ப்பு என்றும் இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. தீர்மானம் உயிரோடிருக்கும்போதே முடிந்துவிட்டது.

அந்தச் சுத்திகரிப்பில் இருக்கிறவருக்கு நம் ஜெபம் உதவும் என்பதுதான் ஆர்.சி. வீட்டில் நடக்கும் எல்லாவற்றுக்கும் அடித்தளம். மக்கபேயர் இரண்டாம் நூலில், போரில் செத்த வீரர்களுடைய பாவத்துக்காக யூதா மக்கபே 2,000 வெள்ளி திராக்மா திரட்டி எருசலேமுக்கு அனுப்பிய கதை இருக்கிறது. அதைத்தான் ஆதாரமாகக் காட்டுவார்கள். சி.எஸ்.ஐ. வேதாகமத்தில் அந்தப் புத்தகமே கிடையாது, அங்கே 66 புத்தகம், இங்கே 73. பாதி வாதம் இந்த ஏழில் முடிந்துவிடும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. மாலை போடலாம், மெழுகுதிரி வாங்கிக்கொண்டு போய்க் கொளுத்தலாம். "ஆத்துமா சாந்தியடையட்டும்" என்று சொல்லலாம், அந்த வீட்டில் அது ஜெபமாகவே கேட்கும். ஜெபமாலை ஓடிக்கொண்டிருந்தால் நடுவில் போய்த் துக்கம் விசாரிக்காதீர்கள், மாலையில் ஓடுகிற அந்தப் பத்து மணிகளின் ஜெபம் முடியும்வரை ஓரமாக உட்காருங்கள். "நித்திய இளைப்பாற்றியை அவருக்கு அளித்தருளும் சுவாமி" என்று முடியும் இடத்தில் எல்லோரும் சிலுவை போடுவார்கள். உங்களுக்குப் பழக்கமில்லையென்றால் கைகட்டி நின்றால் போதும், யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். குருவானவர் உடல்மேல் தீர்த்தம் தெளிப்பது அவர் வாங்கிய ஞானஸ்நானத்தின் நினைவாக. தூபம் காட்டுவது அந்த உடல் பரிசுத்த ஆவி குடியிருந்த கோவில் என்பதற்காக. பிணவாடைக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தார் எங்கள் எதிர்வீட்டுச் சார்.

ரொம்ப நெருக்கமானவர் என்றால் பணமாகக் கொடுக்காமல் அவருக்காகக் கோவிலில் பூசைக்கு (திருப்பலிக்கு) எழுதி வையுங்கள். இதை இந்துக்களும் செய்யலாம், நண்பர்கள் பலர் செய்கிறார்கள். பங்கு (அந்தக் கோவில்) அலுவலகத்தில் ஒரு நோட்டு இருக்கும். இறந்தவர் பெயர், எந்தத் தேதி, கேட்பவர் பெயர் எழுதிப் பூசைப்பணம் கட்டினால் அந்த நாள் பூசையில் பெயர் வாசிப்பார்கள். ஏழாம் நாளும் முப்பதாம் நாளும் ஆண்டு நினைவும் வீட்டுக்காரர்கள் ஏற்கெனவே எழுதியிருப்பார்கள், அதனால் வேறு தேதியாகக் கேளுங்கள். தொகை ஒரு காணிக்கைதான். காசில்லாதவருடைய கருத்துக்காகவும் குருக்கள் பூசை வைக்க வேண்டும் என்று 1983ம் வருடத் திருச்சபைச் சட்டம் (945ம் விதி) பரிந்துரைக்கிறது. கையில் பணம் இல்லையென்று வெட்கப்பட்டு யாரும் திரும்பி வர வேண்டாம்.

என் அம்மாவின் முப்பதாம் நாள் பூசைக்கு நான் கிளம்பிக்கொண்டிருந்தபோது மாமியார் வாசலில் நின்று கேட்டார்கள்: "உங்கம்மா ஆண்டவர்ட்ட போயாச்சில்லா தாயி, பின்ன இந்தப் பூசை எதுக்கு?" சண்டைக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டார்கள். "அவங்களுக்காக ஒண்ணும் செய்யாம இருக்க என்னால முடியல அத்தே" என்றேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்து, என்னோடு ஆட்டோவில் ஏறினார்கள். கோவிலில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து, இறந்தோருக்கான மன்றாட்டு வந்தபோது மட்டும் கண்ணை மூடாமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொள்கையை விட்டுக்கொடுக்காமல் ஒருவருக்குத் துணையாக உட்காருவது எப்படி என்று யாராவது கேட்டால் நான் சொல்லும் உதாரணம் அதுதான்.

சி.எஸ்.ஐ. வீடு

அந்த மாமியாரின் நம்பிக்கை இது. இயேசுவை நம்பி மரித்தவர் நேரே அவரிடம் போகிறார். சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்றாரே, அந்த "இன்றைக்கு" போதும். நடுவில் சுத்திகரிப்பு இல்லை, ஏனென்றால் சிலுவையிலேயே எல்லாம் தீர்ந்துவிட்டது. கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து மற்றவர்கள் பிரிந்த சீர்திருத்தம் ஆரம்பித்ததே இந்த இடத்தில்தான். 1517ல் மார்ட்டின் லூத்தர் 95 வாசகங்களை எழுதியது உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களின் பெயரால் பாவமன்னிப்புச் சீட்டு விற்றதை எதிர்த்து. அப்போது அவரே அந்த ஸ்தலம் இருப்பதை மறுக்கவில்லை, மறுப்பு பின்னால் வந்தது. இங்கிலாந்துத் திருச்சபையான ஆங்கிலிக்கன் சபையின் 39 விதிகளில் 22வது அதைத் தெளிவாகத் தள்ளிவிட்டது.

ஆகவே இங்கே எல்லா ஜெபமும் இருக்கிறவர்களுக்காக. விதவைக்கு, பிள்ளைகளுக்கு, பேரப்பிள்ளைகளுக்கு. செத்தவருக்காக என்றால் ஸ்தோத்திரம் மட்டும்: இவரை எங்களுக்குக் கொடுத்ததற்காக நன்றி. "ஆத்மா சாந்தியடைய வேண்டுகிறேன்" என்று நீங்கள் சொன்னால் அடிக்க வர மாட்டார்கள். ஆனால் "அவர் சமாதானத்துலதான் இருக்காரு, எங்களுக்காக ஜெபிங்க" என்று ஒரு திருத்தம் வரும். அதற்குப் பதிலாக "கர்த்தர் உங்களுக்கு ஆறுதல் தருவாராக" என்று சொல்லிப் பாருங்கள், கை பிடித்துக்கொள்வார்கள்.

பாட்டு நிறைய இருக்கும். துக்க வீட்டில் நாலு குரலில் பாடுகிறார்களே, அழவே மாட்டார்களா என்று கேட்பவர்கள் உண்டு. அழுவார்கள். லாசருவின் கல்லறையில் இயேசுவே கண்ணீர் விட்டார். பவுல் சொல்வதும் துக்கப்படாதே என்று அல்ல, நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கப்படாதே என்று. அடக்க ஆராதனையில் ஐயர் (சபைப் போதகர்) உடலை மண்ணுக்கு ஒப்புக்கொடுக்கும்போது, உயிர்த்தெழுதலின் நிச்சயமான நம்பிக்கையோடு என்று சேர்த்துச் சொல்வார். அதன்பின் ஒரு பிடி மண் போட நீங்களும் போகலாம்.

சி.எஸ்.ஐ. என்பதே 1947 செப்டம்பர் 27ல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் எல்லாம் சேர்ந்து ஆனது. எங்கள் திருநெல்வேலிச் சீமையிலேயே நாசரேத் பக்கம் எஸ்.பி.ஜி. மிஷன், பாளையங்கோட்டை பக்கம் சி.எம்.எஸ். மிஷன், இரண்டுமே ஆங்கிலிக்கன் மிஷனரிச் சங்கங்கள். முதல் பக்கம் சடங்கு ஆசாரத்தோடு இருக்கும், இரண்டாவது பக்கம் வெறும் பிரசங்கம். அதனால் நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று கல்லறைக்குப் பூ வைக்கும் சி.எஸ்.ஐ. குடும்பங்களையும் பார்ப்பீர்கள், அதை முணுமுணுக்கும் சி.எஸ்.ஐ. குடும்பங்களையும் பார்ப்பீர்கள்.

பெந்தெகொஸ்தே வீடும் மற்றவையும்

ஆத்துமா உடனே கர்த்தரிடம் போகிறது என்பதில் இவர்களும் சி.எஸ்.ஐ.யோடு ஒன்றுதான். ஆனால் இவர்கள் கண் முழுக்கக் கடைசிக் காலத்தின்மேல் இருக்கும். முதலில் இரகசிய வருகை: எக்காளம் ஊதும், கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் முதலாவது எழுந்திருப்பார்கள், உயிரோடிருப்பவர்கள் மேகத்தில் எடுத்துக்கொள்ளப்படுவார்கள் (முதலாம் தெசலோனிக்கேயர் 4). பிறகு ஏழு வருட உபத்திரவ காலம், ஆயிரம் வருட அரசாட்சி, கடைசியில் வெள்ளைச் சிங்காசன நியாயத்தீர்ப்பு. என் தங்கை வீட்டுக்காரர் இதைத் தேதிப் பட்டியல் மாதிரி ஒப்பிப்பார். அடக்கத்தின்போது பிரசங்கமும் பெரும்பாலும் நிற்கிறவர்களைப் பார்த்துத்தான்: நீ ஆயத்தமா? கேட்டு உங்களுக்கு எரிச்சல் வரலாம். அது உங்களைக் குறிவைத்து அல்ல, குழிமேட்டில் நின்று அவர்கள் எப்போதும் கேட்கும் கேள்வி.

இங்கே மாலை, திரி, ஊதுபத்தி, விழுந்து கும்பிடுதல் எதுவும் வேண்டாம். வணக்கம் தேவனுக்கு மட்டும் என்பதில் கறாராக இருப்பார்கள். கையெடுத்துக் கும்பிடுவதற்குப் பதில் ஒரு நிமிடம் தலை குனிந்து நின்றுவிட்டு, வீட்டார் பக்கம் போய் உட்காருங்கள்.

அட்வென்டிஸ்ட் என்ற சபையினர் வீடு என்றால் கணக்கு வேறு. "மரித்தவர்கள் ஒன்றும் அறியார்கள்" என்ற பிரசங்கி 9ம் அதிகார வசனப்படி, உயிர்த்தெழும் நாள்வரை செத்தவர் உணர்வில்லாமல் தூங்குகிறார். "மேல இருந்து நம்மளப் பாத்துக்கிட்டு இருக்காங்க" என்று அங்கே சொல்லாதீர்கள். துன்மார்க்கர் முடிவில்லாமல் நரகத்தில் எரிவார்கள் என்பதையும் அவர்கள் ஏற்பதில்லை, அடியோடு அழிந்துபோவார்கள் என்பார்கள்.

வாய் திறக்கக் கூடாத இடம்

எந்த வீடானாலும் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: செத்தவருக்குத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். "குடிகாரர், எங்க போயிருப்பாரோ" என்பது மட்டுமல்ல, "இவரு பாவம்தாம் செஞ்சாரு, ஆனா ஆண்டவர் விட்டிருப்பாரு" என்பதும் தீர்ப்புதான். கத்தோலிக்கத் திருச்சபை எத்தனையோ பேரைப் புனிதர் என்று அறிவித்திருக்கிறது, இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று இதுவரை ஒருவரைப் பற்றியும் அறிவித்ததில்லை. திருச்சபை செய்யாததைத் துஷ்டி வீட்டுப் பந்தலில் உட்கார்ந்து நாம் ஏன் செய்ய வேண்டும்?

இது முக்கியமாகத் தற்கொலைச் சாவுகளில். இன்றைக்கும் சில ஊர்களில் பெரியவர்கள் "கோவிலுக்குள்ள எடுக்க மாட்டாங்க, கல்லறையில ஓரமா வைப்பாங்க" என்று வீட்டார் காதுபடப் பேசுகிறார்கள். அது பழைய சட்டம். 1917ம் வருடக் கத்தோலிக்கச் சட்டத்தொகுப்பு தெரிந்தே தற்கொலை செய்தவருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983 தொகுப்பில் அந்தத் தடை இல்லை. 1992ல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி (2283ம் பத்தி) இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறது: தற்கொலை செய்தவர்களின் நித்திய மீட்பைப் பற்றி நாம் நம்பிக்கை இழக்கக் கூடாது, கடவுள் தமக்கு மட்டுமே தெரிந்த வழியில் அவர்களுக்கு மனந்திரும்ப வாய்ப்புத் தர முடியும், திருச்சபை அவர்களுக்காக ஜெபிக்கிறது. அந்த வீட்டுத் தாய்க்கு இந்த எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். வாயால் சொன்னால் அன்றைக்குக் காதில் ஏறாது.

ஞானஸ்நானம் பெறாமல் இறந்த பச்சைக் குழந்தை விஷயமும் அப்படியே. வேதனையும் இல்லாத, மோட்சமும் அல்லாத லிம்போ என்று ஓர் இடத்தைப் பற்றிப் பழைய சாமிமார் சொல்லிக் கேட்டிருப்பார்கள். அது எப்போதும் விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்பட்டதில்லை. 2007ல் வத்திக்கானின் அனைத்துலக இறையியல் குழு, அந்தக் குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்ப உறுதியான காரணங்கள் இருக்கின்றன என்று ஓர் ஆவணத்தில் விளக்கியது. சி.எஸ்.ஐ. பெந்தெகொஸ்தே வீடுகளில் தாவீது ராஜாவின் வார்த்தையைப் படிப்பார்கள். செத்துப்போன தன் குழந்தையைப் பற்றி "நான் அதினிடத்துக்குப் போவேனே அல்லாமல், அது என்னிடத்துக்குத் திரும்பிவரப்போகிறது இல்லை" என்று சொன்னது. படித்தால் போதும், விளக்கம் வேண்டாம். "அடுத்த பிள்ள பொறக்கும்" என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள்.

இன்னும் கடினமான கேள்வி ஒன்று உண்டு. கிறிஸ்தவளாக மாறின பெண் கேட்பாள்: "எங்கப்பா கடைசிவரைக்கும் முருகன் கோவிலுக்குத்தான் போனாரு. அவர் எங்க டீச்சர்?" கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964ல் சொன்னது: தன் குற்றமில்லாமல் கிறிஸ்துவை அறியாமல், நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனச்சாட்சிப்படி நடந்தவரும் நித்திய மீட்பை அடைய முடியும். ஆர்.சி. பெண்ணென்றால் இதைச் சொல்லலாம். பெந்தெகொஸ்தே சபைகளிலும் பல சி.எஸ்.ஐ. பிரசங்கங்களிலும் இயேசுவின் நாமத்தால் அன்றி இரட்சிப்பில்லை என்ற அப்போஸ்தலர் 4ம் அதிகாரத்தை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பெண்ணிடம் நான் பூசி மெழுக மாட்டேன், உன் சபை இப்படிப் போதிக்கிறது, வேறு சபை இப்படிப் போதிக்கிறது என்று இரண்டையும் சொல்லிவிடுவேன். சொல்லிவிட்டு ஆதியாகமம் 18ஐத் திறந்து, சோதோமுக்காக ஆபிரகாம் கடவுளோடு வாதாடும் இடத்தைக் காட்டுவேன்: "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ?" ஆபிரகாம் அதைக் கேள்வியாகத்தான் கேட்டான். அவளும் கேட்கட்டும்.

பிள்ளைகள் கேட்டால்

பக்கத்து வீட்டில் தாத்தா இறந்தபோது ஆறு வயதுப் பேரன் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். மாமா ஒருத்தர் "தாத்தா தூங்குதாங்கடா" என்று சமாளித்தார். நித்திரையடைந்தார் என்று போஸ்டரிலும் அடித்தாயிற்று, என்ன தப்பு? அன்றைக்கு ராத்திரி அந்தப் பையன் படுக்கவே மாட்டேன் என்று அழுதான். தூங்கினால் பெட்டிக்குள் வைத்துவிடுவார்களாம். பெரியவர்களுக்கு வேத வார்த்தை, பிள்ளைக்கு அது நேரே அர்த்தம்.

பிள்ளையிடம் இப்படிச் சொல்லுங்கள்: "தாத்தா உடம்பு வேலை செய்யிறத நிறுத்திட்டு. இப்ப அவருக்கு வலிக்காது, இருட்டு தெரியாது, மூச்சு முட்டாது. தாத்தாவ இயேசு பாத்துக்கிடுதாரு. ஒரு நாள் அவர எழுப்புவாரு." குழிக்குள் இருட்டாக இருக்காதா என்ற கேள்விதான் எல்லாப் பிள்ளைகளும் கேட்பது, அதனால் அதைக் கேட்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். "நல்ல பிள்ளையா இருந்தா தாத்தா கனவுல வருவாரு" என்பதெல்லாம் வேண்டாம். வராவிட்டால் தான் கெட்ட பிள்ளை என்று நினைத்துக்கொள்ளும். நாய்க்குட்டி மோட்சத்துக்குப் போகுமா என்ற கேள்விக்கு மட்டும் எந்தச் சபையிடமும் கெட்டியான பதில் இல்லை. பிள்ளை எதிர்பார்க்கும் முகத்தைப் பார்த்து நான் "போவும்" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எரிப்பது, சாம்பல்

நகரங்களில் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடைப்பதில்லை, எரிக்கலாமா என்று கேட்கிறார்கள். கத்தோலிக்கர்களுக்கு 1963லிருந்து அனுமதி உண்டு, உயிர்த்தெழுதலை மறுப்பதற்காக எரிக்காதவரை. ஆனால் சாம்பலை ஆற்றிலோ கடலிலோ தூவக் கூடாது, பிள்ளைகளுக்குள் பங்கு வைக்கக் கூடாது, கல்லறை போன்ற புனித இடத்தில் வைக்க வேண்டும் என்று 2016ல் வத்திக்கான் திரும்ப வலியுறுத்தியது. அந்த உடல்தான் எழப் போகிறது என்ற நம்பிக்கை இங்கேயும் வந்து நிற்கிறது. தாமிரபரணியில் கரைத்துவிடலாம் என்று நண்பர் என்ற உரிமையில் யோசனை சொல்ல வேண்டாம். சி.எஸ்.ஐ.யில் எரிப்பதைப் பற்றிச் சேகரத்து (அந்தச் சபை வட்டாரத்து) ஐயரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கல்லறைத் திருநாளுக்குப் போனால்

நவம்பர் 2, சகல ஆத்துமாக்கள் திருநாள். பிரான்சில் குளூனி மடத்து அதிபர் ஒடிலோ ஏறத்தாழ ஆயிரம் வருடத்துக்கு முன் தம் மடங்களில் ஆரம்பித்து வைத்தது, அங்கிருந்து பரவியது. ஆர்.சி. நண்பர் குடும்பத்தோடு போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைக்குப் போய் இறந்தோருக்காக ஜெபித்தால், பாவத்துக்கான தண்டனையை முழுதும் நீக்கும் பரிபூரண பலனை ஓர் ஆத்துமாவுக்கு ஒப்புக்கொடுக்கலாம், நாளுக்கு ஒன்று. அவர்கள் பாவசங்கீர்த்தனம் செய்து (குருவிடம் பாவத்தை அறிக்கையிட்டு), பூசையில் நன்மை (நற்கருணை) வாங்கி, பாப்பரசரின் கருத்துக்காகவும் ஜெபிக்க வேண்டும், பாவத்தின்மேல் பற்று இல்லாமலும் இருக்க வேண்டும். கடைசி நிபந்தனைதான் கஷ்டம். 2020ல் கொரோனா நேரத்தில் கூட்டம் சேராமலிருக்க இதை நவம்பர் மாதம் முழுக்க நீட்டித்தார்கள். ஆகவே அந்த வாரத்தில் அவர்கள் தினமும் கல்லறைக்கு ஓடுவதைப் பார்த்து, "நேத்துத்தான போனீங்க" என்று கேட்காதீர்கள்.

அது வடகிழக்குப் பருவமழைக் காலம். திரி நிற்காது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியையும் கழுத்தையும் அறுத்துவிட்டு, திரியைச் சுற்றிக் கவிழ்த்து வைத்தால் காற்றுக்கு அணையாது. ஆனால் திரி குட்டையாகும்வரை பக்கத்தில் நில்லுங்கள், பிளாஸ்டிக் சூட்டில் சுருங்கும். போன வருடத்துக் காய்ந்த மாலையையும் அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்து வந்துவிடுங்கள், மறுநாள் அங்கே கூட்டுகிற அம்மாவுக்கு அதுவே பெரிய வேலை.